பேர மட்டும் அழிச்சிறாத

இன்று காலை காஜா பெராங் ஒட்டுக்கடையில் தே தாரேக் டீக்குக் காத்திருந்தேன். தேவி வந்தாள். போன மாதம் தெங்கேராவில் மோட்டார் விபத்தில் இறந்த முரளியின் தங்கை. முரளியும் நானும் ஆறு வருடம் ஒரே கம்பைலரில், அதாவது எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளில், வேலை பார்த்தவர்கள்.

ஒரு மஞ்சள் சீட்டை நீட்டினாள். அவன் லேப்டாப் பைக்குள் இருந்ததாம். அவன் கையெழுத்துதான்.

“இடத்த காலி பண்ணிரு. பேர மட்டும் அழிச்சிறாத.”

“எங்க அண்ணனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமாண்ணே? அம்மா இத சாமி படத்துக்கிட்ட வைக்கணும்ங்கிறாங்க.”

அது வேலை விஷயமாக அவன் எனக்கு எழுதிவைத்த சீட்டு. நிரலில் யாரும் பயன்படுத்தாத குளோபல் வேரியபிளை, அதாவது ஒரு மதிப்பை வைக்கப் பெயரிட்டு ஒதுக்கிய இடத்தை, நீக்கும்போது, அதன் பெயரைச் சொல்லும் டீபக் தகவலையும் சேர்த்து அழித்துக்கொண்டிருந்தேன். பிழை தேட உதவும் டீபக்கரில் தேடினால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அதற்காக நேரிலும் திட்டியிருக்கிறான். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

“தெரிஞ்சிருக்கும்மா. அம்மாகிட்ட கொடு” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சரிசெய்தேன். இப்போது தேடினால் பெயர் வருகிறது. எந்தக் கோப்பில், எந்த வரியில் பிறந்தது என்பதும் வருகிறது. மதிப்பைக் கேட்டால் மட்டும் இல்லை என்கிறது.

யாராவது சரிபார்க்க வேண்டுமே என்று அந்தத் திருத்தத்தை அனுப்பப் போனால், கை பழக்கத்தில் அவன் பெயரைத் தட்டிவிட்டது. சரிபார்ப்பவர்கள் பட்டியலில் முரளி இன்னும் வருகிறான்.

தேவியிடம் நான் சொன்னது பொய்யா? கம்பைலர்காரர்கள் கொஞ்சம் சும்மா இருங்கள், மற்றவர்கள் சொல்லுங்கள்.