வாயைத் துடைத்த அதிகாரி

தியேட்டரில் வாய் ஓயாதவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எழுபதுகளில் புதுச்சேரியில் பார்த்த ஒரு போர்ப்படத்தின்போது, பக்கத்து இருக்கையில் வாய்த்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த கிழவர்; ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை.

திரையில் அதிகாரி சூப் குடித்தபடியே, பயந்து ஓடிவந்த சிப்பாயைச் சுட உத்தரவிட்டான். என்ன நடிகன்! குரலை உயர்த்தவில்லை; நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

கிழவர், "பாவி! பச்சப் புள்ளடா அவன்!" என்று கத்தினார்.

"சும்மா இருங்க, நடிப்புதான?" என்று சீறினேன்.

"எங்க அதிகாரியும் இப்படித்தாம்பா வாயத் தொடச்சான். அன்னிக்கு சல்யூட் அடிச்சிட்டு நின்னேன். இன்னிக்காவது திட்டறேன், வுடு."

அதிகாரி மறுபடி திரையில் வந்தான். திட்டுவார் என்று பார்த்தால், கிழவர் விறைத்து எழுந்தார். கை தானாக நெற்றிக்குப் போனது.

அந்தத் தடவை திரையைப் பார்த்துக் கத்தியது நான்.