வேனுக்குள் ஒரு கட்டில்

விக்கிரவாண்டி டீக்கடை, மத்தியான வெயில். பழைய வேனுக்குள் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு நானே கட்டில் செய்திருக்கிறேன். நேற்று படுத்தபோது என் கால் வெளியே நீட்டிக்கொண்டதால் பின்கதவை மூட முடியவில்லை. இன்றும் இப்படியென்றால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாள் மனைவி.

என்னைவிட உயரமான லாரி ஓட்டுநர் ஒருவர் டீயோடு எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா சார், முன்சீட்ட மடக்கிட்டு அதும்மேல ஒரு பெட்டிய வையிங்க. தலைக்கு ஒரு அடி கெடைக்கும்."

இருவருமாக மடக்கி வைக்கிறோம்.

"இருங்க, படுத்துப் பாத்துட்டு சொல்றேன்" என்று ஏறிப் படுக்கிறார். கால் உள்ளேயே அடங்குகிறது. கதவை மூடிப் பார்க்கிறேன், மூடுகிறது. உள்ளேயிருந்து குறட்டை கேட்கிறது.

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறாள்: "கட்டில் சரியாத்தான் இருக்கு. இவரை யார் எழுப்புறது?"