முகம் போடாத பேனர்

‘வந்ததை அப்படியே பகிர்கிறேன்’ என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டால் சட்டம் கிட்டே வராது என்று கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது தவறு என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அப்படி ஒரு விலக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். கேள்விக்குறி போட்டாலும் கிடையாது. கைகூப்பும் பொம்மை போட்டாலும் கிடையாது.

என் தொழில், செய்தியிலிருந்து ருசியை எடுப்பது. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றபின், சின்னமனூரில் முருகேசன் என்பவர் கடையில் காலை வேளைகளில் உட்கார்ந்திருக்கிறேன். கடையின் முன்பாதியில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிறார். பின்பாதியில் ஃபேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் உள்ளூர்ச் செய்தி தயாரிக்கிறார். ஒருமுறை வக்கீல் நோட்டீஸ் வந்ததிலிருந்து, வழக்கு சம்பந்தப்பட்ட எதுவும் நான் பார்க்காமல் வெளியே போகாது என்பது ஏற்பாடு. வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக மாட்டிக்கொண்ட வாசகர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

இடப் பற்றாக்குறை

திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து நடந்து வந்த பஞ்சவர்ணம் என்ற அம்மாளிடம் ஒருவன் பைக்கை நிறுத்தி, ராயப்பன்பட்டிக்கு வழி கேட்டிருக்கிறான். அந்த அம்மாள் கையை நீட்டி, எங்கே திரும்ப வேண்டும், எங்கே திரும்பக் கூடாது என்று நிதானமாகச் சொல்லி முடித்தார். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவன், தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு, அவர் சொன்ன வழிக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டான். அந்த வாரமே போலீஸ் ஒருவனைப் பிடித்தது. சங்கிலி கிடைக்கவில்லை. வேறு சாட்சியும் இல்லை. வழக்கு நிற்பதும் விழுவதும் பஞ்சவர்ணத்தின் இரண்டு கண்களைப் பொறுத்தது.

முருகேசன் சிவப்பு வட்டம், சிவப்பு அம்பு சகிதம் ‘சங்கிலித் திருடன் சிக்கினான்!’ என்று தயார் செய்துவிட்டார். வட்டமும் அம்பும் இல்லாமல் அவருக்கு மழைச் செய்திகூட வராது. நான் அதை அடித்துவிட்டு, ‘சங்கிலி பறித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கைது’ என்று எழுதினேன். திருடன் என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். அதுவரை அவன் குற்றம் சாட்டப்பட்டவன்தான். முருகேசன் திரையில் விரலால் அளந்து பார்த்தார்.

“சார், இம்புட்டு எழுத்தையும் போட்டா அவன் மூஞ்சிய எங்கன வைக்கிறது?”

கறுப்புப் பட்டை

மூஞ்சியைத்தான் வைக்கவே கூடாது என்றேன். ஸ்டேஷன் வாசலில் போலீஸ் துண்டு போட்டு மூடுவதற்குள் எதிர்க்கடைக்காரர் செல்போனில் எடுத்த படம் அது. முருகேசன் அப்போதே அதை வாங்கி வைத்திருந்தார். சரி, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டுவிடுகிறேன் என்றார். போட்டும் காட்டினார். கண் மறைந்தது. பனியனில் ஊர்ப் பெயருடன் கபடிக் குழுவின் பெயர் பளிச்சென்று இருந்தது.

இங்கே சட்டம் கொஞ்சம் தேவைப்படுகிறது. பிடிபட்டவனை அதே சாயலுள்ள பலரோடு ஜெயிலில் வரிசையாக நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னால் அந்த அம்மாளை அடையாளம் காட்டச் சொல்வார்கள். அதற்கு அடையாள அணிவகுப்பு என்று பெயர். அதற்குமுன் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டால், ‘இவர் அன்றைக்குப் பார்த்த ஆளைக் காட்டவில்லை, செல்போனில் பார்த்த படத்தைக் காட்டுகிறார்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிடலாம். திருடனுக்கு இதைவிடப் பெரிய உதவியை அவன் மாமன் மச்சான்கூடச் செய்ய முடியாது. இதையெல்லாம் முருகேசன் முகவாயில் கை வைத்துக் கேட்டார்.

“அப்ப படத்தப் போட்டா நாமதான் சார் அவனுக்கு ஜாமீன்தாரரு!”

சிக்னல் வளைவு

படம் இல்லாமல் செய்தி போனது. மேகமலை எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் கருத்துப் பகுதியில் தீர்ப்பு எழுதியிருந்தார்: தூக்கில் போட வேண்டும், இவனுக்கு வாதாட வரும் வக்கீலைத் தெருவில் நடமாட விடக் கூடாது. நான் அழித்தேன். அவர் போன் செய்தார்.

பேசவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று விளக்கினேன். கைது நடந்ததைப் பேசலாம். அந்தப் பாதையில் ஏன் விளக்கு இல்லை என்று கேட்கலாம். போலீஸ் தாமதமாக வந்தால் தாமதம் என்று சொல்லலாம். தீர்ப்பு எழுதுவதையும் வக்கீலை மிரட்டுவதையும் மட்டும் விட்டுவிட வேண்டும். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். மனம் மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

“அதெல்லாம் சரிங்க சார், எஸ்டேட்ல சிக்னல் கிடைக்கிறது ஒரே ஒரு வளைவுலதான். அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்க நின்னு அடிச்சேன், பொசுக்குன்னு அழிச்சிட்டீகளே!”

நன்றி அறிவிப்பு

நம் பக்கத்தில் நல்லது நடந்தால் பேனர் கட்டாமல் இருக்க முடியாது. பஞ்சவர்ணத்தின் மருமகன் செல்வம், இன்ஸ்பெக்டருக்கு நன்றி சொல்லி பத்தடிக்குப் பேனர் கேட்டு வந்தார். இன்ஸ்பெக்டர் படம் மேலே, பிடிபட்டவன் படம் கீழே, வட்டத்துக்குள். அணிவகுப்பு இன்னும் நடக்கவில்லை. மாமியார் தினமும் பஸ் ஏறும் இடத்தில் கட்டப் போவதாக வேறு சொன்னார். கூடவே கூடாது என்றேன்.

முருகேசன் வட்டத்தைக் காலியாக விட்டுப் பேனரைக் கம்ப்யூட்டரிலேயே நிறுத்தி வைத்தார். மறுநாள் பஞ்சவர்ணமே வந்துவிட்டார். எல்லாரும் பார்த்த மூஞ்சியைத் தனக்கு மட்டும் மறைப்பதாகப் புகார். நானும் முருகேசனும் அந்தப் படத்தை அழித்து, எதிர்க்கடைக்காரரையும் அழிக்க வைத்துவிட்டோம் என்று சொன்னதும், இடுப்பில் கை வைத்தார்.

“ஏண்ணே, சங்கிலி என்னோடது, அறுத்தவன் என்னோட திருடன். ஊரே பாக்கலாம், நான் பாக்கக் கூடாதாக்கும்?”

அணிவகுப்பு

அணிவகுப்பு நாள் வரை பஞ்சவர்ணத்தின் செல்போன் மகளின் பீரோவில் இருந்தது. பக்கத்து வீட்டார் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தால் செல்வம் வாசலிலேயே மடக்கினார். அன்றைக்கு மத்தியானம் ஜெயிலிலிருந்து நேராகக் கடைக்கு வந்த பஞ்சவர்ணம், சோடா வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“போட்டோ எதுவும் யாரும் காட்டுனாகளான்னு மாஜிஸ்திரேட்டம்மா கேட்டாக. ‘நானாத்தான் கேட்டுப் பாத்தேன் தாயி, ஒருத்தரும் காட்டல’ன்னேன். அதையும் எழுதிக்கிட்டாக. அப்புறம் வரிசையில நிப்பாட்டுனாக. எல்லாம் ஒரே கலரு, ஒரே வளத்தி. ஆள மாத்தி மாத்தி நிப்பாட்டியும் அவனையேதான் தொட்டேன்.”

பயமாக இல்லையா, குழப்பமாக இல்லையா என்று முருகேசன் கேட்டார்.

“மறக்குமாப்பா அந்த மூஞ்சி? வேகாத வெயில்ல நின்னு, மெனக்கெட்டு வழி சொன்னேன்ல!”

வட்டம்

இனிப் பேனர் கட்டலாம் என்று குடும்பமே கிளம்பி வந்தது. விசாரணை முடியவில்லை, ஆகவே இப்போதும் முகம் வேண்டாம், ‘திருடன்’ என்ற சொல்லும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனர் நின்றது. மேலே இன்ஸ்பெக்டர். நடுவில், நான் சீர் செய்து கொடுத்த வரி, ஒரு எழுத்துப் பிசகாமல்: ‘சங்கிலி பறித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கைது.’ அதன் கீழே சிவப்பு அம்பு. அம்பு காட்டும் சிவப்பு வட்டத்துக்குள், பணி ஓய்வு விழாவில் எடுத்த என் படம். ‘சட்ட ஆலோசனைக்கு நன்றி’ என்பது அடியில், பூதக்கண்ணாடி உள்ளவர்களுக்காக.

வட்டம் மொட்டையாக இருக்கிறது, அண்ணன் படத்தையே வையுங்கள் என்று பஞ்சவர்ணம்தான் சொன்னாராம். சட்டப்படி ஆட்சேபிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். முருகேசன் பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், நீங்க சொன்னதுல ஒரு வார்த்தகூட நான் மாத்தல.”

நான் கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கையில் இருந்த அம்மாள் ஜன்னல் வழியே பேனரைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார், சங்கிலியை எடுத்துச் சேலைக்குள் விட்டுக்கொண்டார்.