சொன்ன வாயே திருப்பிச் சொல்லணும்

போன வாரம் நான் ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டேன். அதுவும் யாரைப் பற்றி? வதந்தியை மடக்க வழி கண்டுபிடித்ததற்காகப் பரிசு வாங்கியவரைப் பற்றி.

அவர் பெயர் பரிமளா. என் தங்கையோடு படித்தவர். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். இணையத்தில் திட்டம் போட்டுப் பரப்புகிற பொய்களை எப்படி எதிர்கொள்வது என்று நாலைந்து வருடமாக ஆராய்ச்சி. லேபில் இல்லை... கிளியனூரில், மல்லாட்டை உரிக்கிற பெண்களோடு உட்கார்ந்து. (உங்கள் ஊரில் நிலக்கடலை.) போனுக்கு வந்த ஃபார்வர்டுகளை அவர்கள் காட்டுவார்கள், இவர் எழுதிக்கொள்வார். காட்டினால்தான் பார்ப்பார். தானாக ஒரு போனையும் தொட்டதில்லை.

அந்த வேலைக்குத்தான் பெரிய ஆராய்ச்சிப் பரிசு. செய்தி வந்தபோது நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் இருந்தேன். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து சீட்டில் கிளியனூர் டெய்லர் ஒருவர். "எந்த மெசேஜ் எங்க கிளம்புச்சுன்னு உக்காந்த இடத்துலயே கண்டுபிடிச்சிடுவாங்க எங்க பரிமளா" என்று அவரிடம் அளந்துவிட்டேன்.

மூன்றே நாள். பரிமளா போன் செய்தார். குரலில் தெம்பே இல்லை. அவர் ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குரூப்பை விட்டு கிளியனூர் பெண்கள் ஒருவர் விடாமல் வெளியேறிவிட்டார்கள். நேரில் பார்த்தால் போனை முந்தானைக்குள் மறைக்கிறார்கள்.

"அடுத்த வேலை முழுக்க இவங்களை நம்பித்தான் அண்ணா. இவங்க பேசலைன்னா பரிசை வெச்சிக்கினு நான் என்ன பண்றது?"

யார் கிளப்பியது? ஆராய்ச்சியில் செய்வதையே இங்கும் செய்தார். ஒவ்வொரு வீடாகப் போய், உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று விசாரித்தார். மல்லாட்டை உரிக்கிற கல்பனாவுக்குப் பூக்காரம்மா சொன்னாராம் — மேடம் போலீஸுக்கு லிஸ்ட் அனுப்புகிறார் என்று. பூக்காரம்மாவுக்கு டெய்லரின் மனைவி — எல்லார் போனும் மேடத்துக்குத் தெரிகிறது என்று. மனைவிக்கு டெய்லர். டெய்லருக்கு?

"விழுப்புரத்துக்காரரு, பேப்பர்ல எழுதறவரு. அவரு பொய் சொல்லுவாரா?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். இங்கே ஊர் வாய் பாவம், மூடித்தான் இருந்தது. திறந்துவிட்டது நான்.

குரூப்பில் ஒரு மறுப்பு போட்டுவிடலாமே என்றேன். "குரூப்ல இப்ப நான் மட்டும்தான் அண்ணா இருக்கேன்" என்றார். அவர் இத்தனை வருடம் அலைந்து கண்டதும் இதுதானாம் — மறுப்பை மூன்றாம் மனிதர் சொன்னால் காதில் ஏறாது. சொன்ன ஆளே, சொன்ன இடத்துக்கே போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கேட்க எத்தனை சுலபம்! நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம்? பொய்யைத் தள்ளிவிட ஒரு விரல் போதும். திருப்பி வாங்கத்தான் கௌரவம் குறுக்கே நிற்கிறது.

மறுநாள் பஸ் ஏறினேன். டெய்லர், அவர் மனைவி, பூக்காரம்மா — மூவரிடமும் வரிசையாகச் சொல்லி, அவர்களையும் கூட்டிக்கொண்டு, பெண்கள் மல்லாட்டை உரிக்கிற களத்துக்குப் போனேன். பரிமளா ஓரமாக நின்றார்.

"பெருமைக்காக அளந்துட்டேன்மா. நீங்க காட்டினதைத் தவிர மேடத்துக்கு எதுவும் தெரியாது. போலீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கல்பனா என்னை விட்டுவிட்டு பரிமளாவைப் பார்த்தார்.

"அப்போ, என் வூட்டுக்காரரைத் திட்டி எங்க அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேனே... அது உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியாதுக்கா."

"இப்ப தெரிஞ்சிடுச்சே" என்றார் பக்கத்தில் இருந்தவர். களமே சிரித்தது. கல்பனா நகர்ந்து இடம் விட்டார். பரிமளா உட்கார்ந்தார். முந்தானைக்குள் இருந்து ஒரு போன் வெளியே வந்தது... அப்புறம் இன்னொன்று.

நான் கிளம்பும்போது கல்பனா கூப்பிட்டார். "தப்பா சொல்லிட்டேன்னு பஸ் ஏறி வந்து சொல்ற ஆம்பளைய இப்பதான் பாக்கறேன். எங்க வூட்டுக்காரருக்கும் இத கொஞ்சம் கத்துக்குடுங்க."

வீட்டுக்காரர்களைத் தப்பை ஒப்புக்கொள்ள வைக்கிற ஆராய்ச்சிக்கு ஏற்ற அளவுக்குப் பெரிய பரிசை இன்னும் யாரும் அறிவிக்கவில்லை!