நான்கு மணி அறிவிப்பு

போன வருடம் ஆடி மாதம், திருவண்ணாமலை வேங்கிக்காலில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் இது தொடங்கியது. எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழில். வேலையில் கெட்டிக்காரன் என்று ஊரில் பெயர், சொன்ன நாளில் வரமாட்டான் என்றும் பெயர். இரண்டாவதைக் கேட்டால் அப்போதெல்லாம் சிரித்துக்கொள்வேன்.

என் வாடிக்கையாளர் ஒருவர் மைக் செட் வைத்திருக்கிறார். பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலை பக்கம் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு, கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைப் பற்றி அறிவிப்பார். அவர் தன் ஆபீசை ஒழித்தபோது, "இத்த நீயே எடுத்துக்கப்பா, சும்மா தூசி அடையுது" என்று ஒரு மினி பிசியைக் கொடுத்தார். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். சில வருடம் பந்தலில் ஓடிவிட்டு, பிறகு அலமாரியில் கிடந்த பெட்டி.

வீட்டில் ஒரு மீடியா சர்வர் வைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. எங்கள் கல்யாண வீடியோ, மகளின் பள்ளி விழாக்கள், பாட்டுகள் எல்லாம் ஏழெட்டு பென் டிரைவில் சிதறிக் கிடந்தன. ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் டிவியிலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம். பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். கடிகாரத்தை ஓட்டும் காசு அளவு பேட்டரி செத்திருந்தது, புதிது போட்டு நேரத்தைச் சரிசெய்தேன். பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டினேன். முறைப்படி பழையதை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம். இருந்ததன் மேலேயே சர்வரை ஏற்றி, ஒரு ஜோடி ஸ்பீக்கரையும் இணைத்து, இரவு பகலாக ஓடட்டும் என்று டிவிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, நம்ம வீட்ல யாரோ பேசறாங்க. டிவி ஆஃப்லதான் இருக்குது. ஒரு பொண்ணு, யாரோ பெரியவரைக் காணோம்னு சொல்லுது."

பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எங்கள் தெருவும் கிரிவலப் பாதையிலிருந்து தள்ளியிருக்கிறது. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அடுத்த நாளும் போன் வந்தது. பகலில் கொஞ்சம் தூங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று கிண்டல் செய்தேன். அந்த இரண்டு நாளும் வேலை முடிந்து நான் வீடு திரும்ப நடுராத்திரி தாண்டிவிட்டது.

மூன்றாவது நாள் ஞாயிறு. நான் வீட்டில் இருந்தேன். வெளியே நல்ல வெயில், மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். சரியாக நான்கு மணிக்குக் கூடத்தில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. நூற்றுக்கணக்கான கால்கள் நடக்கும் ஓசை, தூரத்தில் யாரோ சங்கு ஊதுவது. அதன் மேல் ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது. ஒரு பெரியவரின் பெயர், ஊர். எழுபது வயது மதிக்கத்தக்கவர். வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு. காது சரியாகக் கேட்காது, பார்ப்பவர்கள் கையைப் பிடித்துப் பந்தலுக்கு அழைத்து வரவும், மகன் இங்கேயே நிற்கிறார். கடைசியில் மகனின் போன் நம்பர். பிறகு கூடம் பழையபடி அமைதியானது.

அந்தக் குரலைவிட என் மனைவி செய்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து, தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள்.

"மூணு நாளா இப்படித்தான் பாக்கறேன். வந்து நின்னா என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள்.

கால் மணி நேரத்தில் குரல் மறுபடியும் வந்தது. இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. பந்தலுக்காக நானே போட்டுக்கொடுத்த ஏற்பாடு பெட்டிக்குள் அப்படியே இருந்தது. பதிவு செய்த அறிவிப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால், மாலை நான்கிலிருந்து நடுராத்திரி வரை கால் மணிக்கு ஒருமுறை அதுவே ஒலிக்கும். ஃபோல்டரில் ஒரே ஒரு பதிவு இருந்தது. இவ்வளவுதானா என்று மூச்சு வந்தது. அழிக்கப் போகுமுன், மைக் செட்காரரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று போன் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆள் கெடைச்சா ஒடனே அழிச்சிடுவோம்பா. அது இருக்குதுன்னா, கெடைக்கலன்னு அர்த்தம்."

கேட்டுக்கொண்டிருந்த மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழிக்காதீங்க. கெடைச்சிட்டாருன்னு ஆயிடும்."

பதிவின் தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பௌர்ணமி, மாலை மூன்று இருபது. அன்று மூன்றரை மணிக்கு மைக் செட்காரர் என்னைக் கூப்பிட்டிருந்தார். கரண்ட் போய் வந்ததிலிருந்து பெட்டியில் நேரம் நடுராத்திரி பன்னிரண்டு என்று காட்டுகிறது, வந்து பார் என்றார். பேட்டரிதான், டைம் மட்டும்தானே தப்பாகக் காட்டுகிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரமும் போகவில்லை. அன்று அதற்குப் பிறகு வந்த அறிவிப்புகளை, நான் வரும்வரை பெட்டியைத் தொட வேண்டாம் என்று, அவர்கள் மைக்கைக் கையில் பிடித்துச் சொன்னார்களாம். ஏற்கெனவே பெட்டிக்குப் போன ஒன்று தானாக ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அதன் கடிகாரத்தில் மாலை நான்கு ஆக மறுநாள் காலை ஏழரை ஆகிவிடும், அதற்கு முன்பே பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பெட்டி அதோடு அலமாரிக்குப் போனது. நான் புது பேட்டரி போட்ட பிறகுதான், என் வீட்டுக் கூடத்தில், அதற்கு நான்கு மணி அடித்திருக்கிறது.

ஒருவேளை பெரியவர் பிறகு கிடைத்திருக்கலாம், சொல்ல மறந்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு, பதிவில் வந்த மகனின் நம்பருக்குப் போன் செய்தேன். திருவண்ணாமலையிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"அப்பா கெடைச்சிட்டாருங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்றுகூட யோசிக்காத முட்டாள் நான். இன்னும் இல்லைங்க என்றேன். போலீசில் எழுதிக் கொடுத்தும் தகவல் இல்லை என்றும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து தேடுவதாகவும் அவரே சொன்னார்.

"அன்னிக்கு விடியற வரைக்கும் ஸ்பீக்கருக்குக் கீழதாங்க நின்னேன். எல்லார் பேரும் வந்துச்சு, எங்கப்பா பேரு மட்டும் வரல. கேட்டா, ஓடிக்கினுதான் இருக்குது, சத்தத்துல உங்களுக்குக் கேக்கலன்னாங்க. எனக்கும் அப்பா மாதிரி காது போச்சோன்னு நெனைச்சிக்கினேன்."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வாயில் வந்தபடி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இதுதான். "வர்ற பௌர்ணமிக்கு வரேன். ஒரு தரம் போடறீங்களா, நான் கேக்கணும்."

அந்தப் பௌர்ணமிக்குப் பெட்டியையே பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கம்பத்துக்குக் கீழே நின்றிருந்தார், நாற்பது வயதுதான் இருக்கும். நான்கு மணிக்கு அந்தக் குரல் பாதை முழுவதும் கேட்டது. நடந்துகொண்டிருந்த சிலர் பச்சைத் துண்டைத் தேடித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடைசி வார்த்தைவரை அசையாமல் கேட்டார். முடிந்ததும் பாதையின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் வரவில்லை.

"நல்லா தெளிவாத்தாங்க கேக்குது" என்றார். பிறகு கூட்டத்தோடு நடந்து போய்விட்டார்.

பெட்டி இப்போது எங்கள் கல்யாண வீடியோவை ஓட்டிக்கொண்டு டிவிக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பதிவின் பிரதி பந்தலில் பௌர்ணமிதோறும் ஒலிக்கிறது. வீட்டில் அது ஒலிக்காதபடி நிறுத்திவிட்டேன், அழிக்கவில்லை. ஆனாலும் நான்கு மணியானால் மனைவி ஒருமுறை வாசலை எட்டிப் பார்க்கிறாள். அவசரமில்லை, டைம் மட்டும்தான் தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது போன் செய்தால், நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கிளம்பிவிடுகிறேன், அந்தப் பெட்டிக்குள் யார் எவ்வளவு நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று.