செபமாலைக்குள் கிடந்த சுட்டெண்

என் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி ஒன்றிலிருந்து கத்திச் சொல்லப்பட்டது. சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து ஓடிய நேரம். முன்னால் போன பெட்டியில் பாய்க்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே இருந்த எங்கள் அதிபர், "பிள்ளை, நீ எல்லாம் பாஸ்!" என்றார். அண்ணாவைப் பற்றியும் ஏதோ சொன்னார், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. முதல்தரம் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, தங்கச்சியான என்னோடு ஒரே மண்டபத்தில் மறுபடி எழுதியவன் அண்ணா. "கேக்காததே நல்லது" என்றான்.

மீளக்குடியேறி வந்தபோது அம்மாவும் நானும்தான். கடைசிச் சண்டையில் அண்ணா எங்களைவிட்டுப் பிரிந்து போனவன். இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

நானாட்டானில் சங்கம் ஒன்றில் கணக்கெழுத ஆள் எடுத்தார்கள். தகரக் கொட்டிலில் நிவாரண அரிசியை நம்பி இருந்த எங்களுக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். சாட்சிக்கு நான் உழவு இயந்திரத்தையா கூட்டிக்கொண்டு போவது? பள்ளிக்கூடத்தில் கூரையே இல்லை, பிறகெங்கே அலுமாரி! பஸ்ஸில் இடிபட்டுக் கொழும்புக்குப் போனால், பரீட்சைக் கந்தோரில் இருந்த ஐயா, "சோதினை எழுதின சுட்டெண் தாங்கோ தங்கச்சி, அது இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது" என்றார். சுட்டெண்ணாம்! ஓடின ஓட்டத்தில் என் பெயர் ஞாபகம் இருந்ததே பெரிய காரியம்.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டே சொன்னார்: "அதுக்கு ஏன் கொழும்புக்குப் போனனி? எனக்குத் தெரியுமே."

எங்கள் கரையோரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு அந்தோனி, ஒரு மேரி. வெறும் பெயரைச் சொல்லி மன்றாடினால் அந்தோனியார் குழம்பி, என் புள்ளியைப் பக்கத்து வீட்டு மேரிக்குக் கொடுத்துவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் பரீட்சைக் காலத்தில் எங்கள் இருவரின் சுட்டெண்ணையும் செபத்தில் சேர்த்துவிட்டார். பிறகு நிறுத்தவேயில்லை. நான்தான் தினமும் பக்கத்தில் முழங்காலில் இருந்தபடி தூங்கியிருக்கிறேன்.

"சொல்லுங்கோ அம்மா!"

"இப்பிடிக் கேட்டா வராது. செபத்திலதான் வரும்."

அன்று மாலை பென்சிலோடு முழங்காலில் இருந்தேன். செபமாலை முழுதும் போயிற்று. மன்றாட்டுமாலை போயிற்று. கடலுக்குப் போனவர்களும், காய்ச்சலில் கிடந்தவர்களும், யாரோ ஒருவருடைய கன்று போடாத பசுவும் போயின. நுளம்பு என்னைத் தின்று முடித்தது. அப்போது பார்த்து, அண்ணாவின் எண், என் எண் இரண்டும் ஒரே மூச்சில் கடகடவென்று வந்தன. பாதிதான் எழுதினேன்.

"ஐயோ, திரும்பச் சொல்லுங்கோ!"

"முதலில இருந்துதான் வரும்" என்று அம்மா சிலுவை அடையாளம் போட்டார்.

மறுபடி முழுச் செபமாலை. அந்தப் பசுவுக்கு அன்று இரட்டை மன்றாட்டு.

எழுதி முடித்ததும் கேட்டேன்: "சோதினை முடிஞ்சு எவ்வளவு காலம்? இன்னும் ஏன் சொல்லுறியள்?"

"கடுதாசி கையில வராம எப்பிடியடி நிப்பாட்டுறது?"

சான்றிதழ் வந்தது. வேலையும் கிடைத்தது. அம்மா அந்தக் கடுதாசியை அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்து, அன்றைய செபத்தில் என் எண்ணை விட்டுவிட்டார். அண்ணாவின் எண்ணை மட்டும் சொன்னார். சந்தோசத்தில் நான் வாய் தவறி, "அண்ணான்ர கடுதாசியையும் எடுத்துத் தரட்டே, அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"வேண்டாம்" என்றார் அம்மா. "அவன் வந்து எடுக்கட்டும்."