என்னை இடப்பக்கம் நடத்துகிறவர்

வாடிக்கையாளர் எவ்வளவு நெருக்கினாலும் வேலை முடியும் தேதியை மாற்றாதே என்று சொல்ல வந்த என் மேனேஜர், "ஸ்டிக் டு யுவர் கன்ஸ்" என்றார். அவர் ஜென்மத்தில் துப்பாக்கியைத் தொட்டிருக்க மாட்டார். என்னால் சும்மா இருக்க முடியாதே. சாப்பிடும்போது செல்போனில் தேடினேன். இதில் 'கன்' என்றால் பீரங்கி. எதிரி கிட்டே வந்துவிட்ட பிறகும் பீரங்கியை விட்டு ஓடாமல் நின்ற சிப்பாய்களிடமிருந்து வந்த பேச்சாம்.

அப்படி ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். பட்டாளத்தில் பீரங்கியோடு காலம் கழித்துவிட்டு, இப்போது ஓர் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கும் என் கணவர். சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"பீரங்கிய விட்டுட்டு வேற எங்க போறது? இதெல்லாம் ஒரு பெருமையா?" என்று சிரித்தார்.

பீரங்கியில் இவருக்குக் குறி பார்க்கிற வேலை. குறி பார்க்கிறவருக்குக் குழலின் இடப்பக்கம்தான் இடம். வலது காது குழலைப் பார்த்தே இருக்கும். சுட்டுச் சுட்டு அந்தக் காது போய்விட்டது. இடது காதை வைத்துத்தான் ஓட்டுகிறார். வாங்கிக் கொடுத்த காது மெஷின் அலமாரியில் தூங்குகிறது.

"இத மாட்டிக்கிட்டு கேட்ல நின்னா, காது கேக்காத ஆள எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க. வேலை போயிடும்."

பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. போன வாரம் ஜீவனஹள்ளியில் ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி அவர் வலது முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. ஸ்கூட்டர்காரன் எத்தனையோ தடவை ஹார்ன் அடித்தானாம். "நோடி ஹோகி சார்", பார்த்துப் போங்க சார் என்று கன்னடத்தில் திட்டிவிட்டு வேறு போனான். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலுக்கும் பால்கனிக்குமாக நடக்கிறேன். ஆபீஸில் போன் அடித்தால் அவர் நம்பரா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நேற்று காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவருக்கு வலப்பக்கமாக நடந்தேன். உடனே கையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தார். எப்போதும் அப்படித்தான். வண்டி என்மேல் மோதக்கூடாது என்று ஓரத்தில் நடத்துகிறார் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

"இந்தப் பக்கம் வா. அங்க நின்னா நீ பேசறது கேக்காது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வளவளப்பைக் கேட்பதற்காக, வண்டி வரும் பக்கம் செவிட்டுக் காதைக் கொடுத்துவிட்டு இத்தனை வருஷமும் நடந்திருக்கிறார் இந்த மனுஷன்.

"வண்டி வர்றது கேக்க வேணாமாங்க?"

"வண்டி என்ன பெருசா பேசிடப் போகுது?"

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நகர மாட்டேன் என்று வலப்பக்கமே நடந்தேன். வாயையும் இறுக மூடிக்கொண்டேன். அவரோ ரோட்டை விட்டுவிட்டு என் உதட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஏதாச்சும் சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன். கத்தரிக்காய் பொறுக்கும்போதும் அதையே கேட்டார். திரும்பி வரும் வழியில் மறுபடியும் கேட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அலமாரியைத் திறந்தார்.

"அந்த மெஷின எங்க வெச்ச?"

"வேலை போயிடும்னீங்களே?"

"போனா பாத்துக்கலாம்."

வலது காதில் மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கமாக என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்பப் பேசு" என்றார்.

பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கத்தரிக்காய் விலையிலிருந்து ஆரம்பித்தேன்.